அப்பாச்சித் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: போர்த் தேதியை விடுங்கள், குடும்பத்தைப் பிடியுங்கள்

அமெரிக்காவின் தென்மேற்குப் பழங்குடிகளான அப்பாச்சிகளின் தலைவர்களைப் பற்றி விக்கிப்பீடியாவுக்கோ பத்திரிகைக்கோ யூடியூப் காணொளிக்கோ எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். பிறந்தார், வீரராக வளர்ந்தார், வெள்ளையர்களோடு மோதினார், சரணடைந்தார், முடிந்தது கதை. சண்டைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் வாழ்க்கை வரலாறு தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. வராது. அந்த மனிதர் யாருடைய மகன், யார் வீட்டு மாப்பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு அப்பா என்று தெரியாவிட்டால், அவர் ஏன் மலைக்கு ஓடினார், ஏன் திரும்பி வந்தார், கடைசியில் ஏன் துப்பாக்கியைக் கீழே வைத்தார் என்று எதுவுமே விளங்காது.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது குடும்பத்திலிருந்து தொடங்கும் முறை. பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவது போல ஆகிவிடும், அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம்: நைச்சே. சிரிகாவா அப்பாச்சிகளில் சோகோனென் கூட்டத்தின் தலைவர். சுமார் 1856இல் பிறந்து 1919இல் இறந்தவர்.

ஜெரோனிமோ இருக்க நைச்சே எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஜெரோனிமோவின் பெயர் உலகத்துக்கே தெரியும், ஆனால் அவர் பரம்பரைத் தலைவர் அல்ல. அவர் போரை நடத்தத் தெரிந்தவர், தெய்வீக சக்தி கொண்டவர் என்று மக்கள் நம்பிய மருத்துவர், பேச்சிலும் கெட்டிக்காரர். 1886இல் கடைசியாகச் சரணடைந்த கூட்டத்துக்கு முறைப்படி தலைவராக இருந்தவர் நைச்சேதான். அவருக்கு வயது முப்பது, ஜெரோனிமோவுக்கு அறுபதை ஒட்டியிருக்கும். வயதில் மூத்தவர் முன்னால் நின்று பேசினார், இளையவர் பெரும்பாலும் பின்னால் நின்றார், பத்திரிகைக்காரர்கள் பேசியவரின் பெயரையே எழுதிக்கொண்டார்கள். "அப்பாச்சிகளின் தலைவர் ஜெரோனிமோ" என்று நீங்கள் எழுதினால் முதல் வரியிலேயே பிழை விழுந்துவிட்டது என்று பொருள்.

முதலில் ஒரு தாளில் குடும்ப மரம்

எழுதத் தொடங்கும் முன் ஒரு பெரிய தாளை எடுத்துக் குடும்ப மரத்தை வரையுங்கள். நைச்சேக்கு அது இப்படி வரும். அப்பா கொச்சீஸ், சோகோனென்களின் பெரிய தலைவர். அம்மா டோஸ்-டே-சே. அம்மாவின் அப்பா மாங்காஸ் கொலராடாஸ், அந்தக் காலத்தில் நியூ மெக்சிகோ பக்கம் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு வேறு யாருக்கும் இல்லை. கொச்சீஸின் திருமணம் இரண்டு பெரிய கூட்டங்களைச் சேர்த்த சம்பந்தம், அதாவது நைச்சே பிறக்கும்போதே இரண்டு பக்கமும் தலைமைக் குடும்பம். அண்ணன் டாசா. சித்தப்பா கொயுன்டுரா. சித்தப்பா மகன் சீ. பிறகு நைச்சேயின் மனைவிகள் மூவர்: நா-டே-யோலே, எ-க்லா-ஹே, ஹா-ஒ-சின்னே. அப்புறம் பிள்ளைகள்.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எப்படி இறந்தார் என்று எழுதுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி வரலாறு வெளியே வந்துவிடும்.

தாத்தா மாங்காஸ் 1863 ஜனவரியில் சமாதானம் பேச வந்த இடத்தில் பிடிக்கப்பட்டு, ஃபோர்ட் மெக்லேனில் காவலில் இருந்தபோது சிப்பாய்களால் கொல்லப்பட்டார். பிறகு தலையை வெட்டி, மண்டையோட்டைக் கிழக்கே அனுப்பினார்கள். சித்தப்பாவின் சாவு அதற்கும் முந்தையது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அமெரிக்கர்களோடு கொச்சீஸ் நடத்திய பத்தாண்டுப் போர் அங்கேதான் தொடங்குகிறது.

1861 ஜனவரியில் அரிசோனாவில் ஒரு பண்ணையிலிருந்து மாடுகளையும் ஒரு சிறுவனையும் அப்பாச்சிகள் கொண்டுபோனார்கள். செய்தது வேறு கூட்டம். ஆனால் ஜார்ஜ் பாஸ்கம் என்ற இளம் லெப்டினன்ட் கொச்சீஸைச் சந்தேகித்து, அப்பாச்சி கணவாயில் முகாமிட்டு, பேச வரும்படி ஆள் அனுப்பினார். கொச்சீஸ் யாரோடு வந்தார் என்று கவனியுங்கள்: மனைவி, சகோதரர் கொயுன்டுரா, சகோதரர் பிள்ளைகள், தன்னுடைய சின்ன மகன். சண்டைக்குப் போகிறவன் பெண்டாட்டி பிள்ளையோடு போவானா? கூடாரத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, பையனைக் கொடுக்கும்வரை நீ பிணை என்று பாஸ்கம் சொன்னதும் கொச்சீஸ் கத்தியால் துணியைக் கிழித்துக்கொண்டு தப்பினார். மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கொச்சீஸ் வெள்ளையர் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார், பாஸ்கம் மறுத்தார், கொச்சீஸ் தன் கைதிகளைக் கொன்றார், ராணுவம் கொயுன்டுராவையும் சகோதரர் பிள்ளைகளையும் உட்பட ஆறு ஆண்களைத் தூக்கிலிட்டது. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தை நைச்சே என்றே கருதப்படுகிறது.

இந்த இடத்தில் இரண்டு தரப்புக் கொலைகளையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தால் மற்றது நம்பகமாக இருக்காது.

அப்புறம் குடும்ப மரத்தில் சீ என்ற பெயருக்கு வாருங்கள். 1872இல் ஜெனரல் ஹோவர்ட் சமாதானம் பேசப் போனபோது, டாம் ஜெஃபர்ட்ஸ் என்ற வெள்ளை நண்பரோடு சேர்ந்து அவரை டிராகூன் மலைக்குள் கொச்சீஸிடம் அழைத்துப்போன வழிகாட்டிகளில் ஒருவர் இந்த சீ. தூக்கிலிடப்பட்ட கொயுன்டுராவின் மகன். அப்பாவைக் கொன்ற ராணுவத்தின் ஜெனரலை மகன் பெரியப்பாவிடம் கூட்டிப்போகிறான். போர்த் தேதிகளை மட்டும் வைத்திருக்கிறவருக்கு இவர் வெறும் "வழிகாட்டி சீ", அவ்வளவுதான்.

குடும்ப விதிகளைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்

சிரிகாவாக்களிடம் திருமணம் ஆனதும் ஆண்தான் பெண் வீட்டார் இருக்கும் இடத்துக்குப் போவான். அதாவது எல்லோருமே வீட்டோடு மாப்பிள்ளைதான், அதில் கேவலம் எதுவும் கிடையாது. மாமனாருக்கு வேட்டையாடிக் கொடுப்பது அவன் கடமை. ஆனால் மாமியாரை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அவர் வருகிறார் என்றால் இவன் ஒதுங்கிப் போக வேண்டும். இது பகை அல்ல, மரியாதை. முகாம் காட்சியை எழுதும்போது மாப்பிள்ளையும் மாமியாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள் என்று கற்பனையில் எழுதிவிடாதீர்கள்.

வசதியுள்ளவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் இருந்தார்கள். அக்கா தங்கையாக இருப்பதும் உண்டு. மனைவி இறந்தால் அடுத்து யாரை மணப்பது என்பதில் இறந்தவளின் வீட்டாருக்கு உரிமை இருந்தது. இதை எழுதும்போது கண்ணடித்துக்கொண்டு எழுத வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு இதில்தான் இருக்கிறது.

கொள்ளைப் பயணமும் போரும் வேறு வேறு என்பதையும் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கும் மாடு, குதிரைக்கும் போவது ஒன்று. அதில் ஆளைக் கொல்வதைவிட யாருக்கும் தெரியாமல் திரும்புவதுதான் திறமை. போர் என்பது பழி தீர்க்கும் பயணம். கொல்லப்பட்டவரின் உறவினர்கள் கேட்டால்தான் அது கிளம்பும். போருக்குக் காரணமே குடும்பம் என்னும்போது, குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போரை மட்டும் எழுதுவது எப்படிச் சரிப்படும்?

தலைமையும் இப்படித்தான். ராஜா மாதிரி கட்டளை போட்டால் நடக்காது. பேச்சு, தாராளம், வெற்றி, இந்த மூன்றும் இருக்கும்வரை ஆட்கள் இருப்பார்கள். பிடிக்காதவர் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வேறு முகாமுக்குப் போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கொச்சீஸ் மூத்த மகன் டாசாவைத்தான் தலைமைக்குத் தயார்செய்தார். 1874 ஜூனில் கொச்சீஸ் இறந்ததும் டாசா தலைவரானார். ஆனால் அப்பா கட்டிக்காத்த கூட்டம் அப்படியே மகன் பின்னால் வரவில்லை. 1876இல் அரசு சிரிகாவாக்களின் ஒதுக்கப்பட்ட நிலத்தை ரத்து செய்தபோது, டாசா ஒரு பகுதியினரோடுதான் அரிசோனாவிலேயே இருந்த சான் கார்லோஸ் என்ற வேறொரு ஒதுக்கப்பட்ட நிலத்துக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பரில் அரசு ஏஜென்ட் அவரைக் கிழக்கே அழைத்துப்போன பயணத்தில், வாஷிங்டனில் நிமோனியா வந்து இறந்தார். அங்கேயே காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். உடல்கூட ஊருக்கு வரவில்லை. விஷம் வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் அவருடைய மக்களிடம் இருந்தது. இருபது வயதில் நைச்சே தலைவரானது இப்படித்தான். அவருக்கு அந்தப் பயிற்சியே கொடுக்கப்படவில்லை. பின்னாளில் அவர் ஏன் மூத்தவரான ஜெரோனிமோவை முன்னால் விட்டார் என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

நல்ல அப்பா என்பதற்காக வெள்ளையடிக்காதீர்கள்

குடும்பத்தை முன்னால் வைத்து எழுதும்போது ஒரு ஆபத்து உண்டு. எல்லாம் உருக்கமாகிவிடும். அவர் அன்பான கணவர், பாசமான தந்தை என்று எழுதிக்கொண்டே போவோம்.

1885 மே மாதம் நைச்சே, ஜெரோனிமோ, சிவாவா முதலிய தலைவர்கள் அரசு தங்களை வைத்திருந்த டர்க்கி க்ரீக்கை விட்டு ஓடினார்கள். ஓடுவதற்கு முன் அங்கே பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் பிரிட்டன் டேவிஸிடம் தலைவர்கள் திரண்டு போய் முறையிட்டது இரண்டு தடைகளைப் பற்றி. ஒன்று, டிஸ்வின் என்ற மக்காச்சோள பீர் காய்ச்சக் கூடாது. இன்னொன்று, மனைவியை அடிக்கக் கூடாது. எங்கள் குடும்ப விஷயத்தில் நீங்கள் ஏன் தலையிடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். சான் கார்லோஸின் மோசமான நிலம், ரேஷன் திருட்டு, தங்களைக் கைது செய்யப்போகிறார்கள் என்ற வதந்தி எல்லாம் பின்னால் இருந்தன, உண்மைதான். ஆனால் அன்று வாய்விட்டுச் சொன்ன குறை இது. அதை அப்படியே எழுதுங்கள். டேவிஸ் மேலிடத்துக்குக் கொடுத்த தந்தியை இடையில் இருந்த அதிகாரி பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வைத்துவிட்டார், அரிசோனாவில் ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் க்ரூக்கின் கைக்கு அது போகவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சான்றுகளை எடைபோடுவது

எதை நம்புவது என்பதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் திணறும் இடம். கிடைப்பவை நான்கு வகை: ராணுவ ஆவணம், அந்தக் காலச் செய்தித்தாள், அப்பாச்சிகளே பின்னாளில் சொன்னவை, புகைப்படம்.

ராணுவ ஆவணம் தேதிக்கு நல்லது, காரணத்துக்கு மோசம். எந்த நாள், எத்தனை பேர், எந்த இடம் என்று எழுதியிருப்பார்கள். ஏன் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. செய்தித்தாளைப் பொறுத்தவரை, அரிசோனாவில் போர் நீடித்தால் ராணுவத்துக்கு மாவும் தீவனமும் விற்கும் வியாபாரிகளுக்கு லாபம் என்பதை மறக்காமல் படியுங்கள்.

வாய்மொழிதான் குடும்பக் கதைக்கு உயிர். ஆனால் அதிலும் ஆண்டுக்கணக்கு தடுமாறும். ஜெரோனிமோ முதுமையில் சொல்லி எழுதவைத்த சுயசரிதையில், தன் தாயையும் மனைவி அலோப்பேயையும் மூன்று பிள்ளைகளையும் மெக்சிகோ சிப்பாய்கள் கொன்றது 1858 கோடை என்கிறார். சொனோரா மாநிலத் தளபதி காராஸ்கோ ஹானோஸ் பக்கம் அப்பாச்சி முகாமைத் தாக்கியது 1851 மார்ச் மாதம் என்று மெக்சிகோ பதிவு சொல்கிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் 1851ஐ ஏற்கிறார்கள். தேதியை ஆவணத்திலிருந்து எடுங்கள், அந்த இரவு எப்படி இருந்தது என்பதை அவர் வாயிலிருந்து எடுங்கள். தேதி தப்பு என்பதால் துக்கமும் பொய் என்று ஆகாது. ஈவ் பால் என்ற பெண்மணி நியூ மெக்சிகோவின் ருயிடோசோவில் தங்கி, பக்கத்தில் மெஸ்கலேரோ அப்பாச்சிகளின் ஒதுக்கப்பட்ட நிலத்தில் இருந்த முதியவர்களிடம் பல ஆண்டுகள் பேசிச் சேகரித்தவை, 1930களில் மானுடவியலாளர் மோரிஸ் ஓப்லர் சேகரித்தவை, இரண்டையும் தேடிப் படிக்காமல் குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்திகூட எழுத வேண்டாம்.

இன்னொன்று. இறந்தவரின் பெயரைச் சொல்வதை அப்பாச்சிகள் தவிர்த்தார்கள். அதனால் சில பெயர்கள் பதிவுகளில் காணாமல் போகும், ஒரே ஆள் மூன்று பெயரில் வருவார். நைச்சேயைத் தேடும்போது நாச்சே, நாட்செஸ், நாச்சிட் என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். கொச்சீஸின் கல்லறையும் இப்படியே, டிராகூன் மலையில் எங்கோ புதைத்தார்கள், இடம் தெரிந்த ஜெஃபர்ட்ஸ் சாகும்வரை வாய் திறக்கவில்லை. கொச்சீஸின் நம்பத்தகுந்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் படங்களைத் தொடாதீர்கள்.

புகைப்படத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும்

நைச்சேக்குப் படங்கள் உண்டு. 1884இல் ஃபிராங்க் ராண்டால் எடுத்த படத்தில் ஹா-ஒ-சின்னேயோடு இருக்கிறார். ஜெரோனிமோ முட்டிபோட்டுத் துப்பாக்கியோடு முறைக்கும் பிரபலமான படமும் ராண்டால் எடுத்ததே. அது திரைச்சீலை கட்டி, பாவனை காட்டவைத்து எடுத்தது. துப்பாக்கியையும் முறைப்பையும் வைத்து குணத்தை வர்ணிக்க ஆரம்பித்தால் புகைப்படக்காரரின் ரசனையைத்தான் வர்ணித்துக்கொண்டிருப்பீர்கள்.

1886 மார்ச்சில் மெக்சிகோவுக்குள் எம்புடோஸ் பள்ளத்தாக்கில், டூம்ஸ்டோன் ஊர் ஸ்டுடியோக்காரர் சி. எஸ். ஃப்ளை எடுத்தவை வேறு ரகம். போர் முடியாதபோதே எதிரியின் முகாமுக்குள் போய் எடுத்த படங்கள். அதில் ஒன்றில் ஜெரோனிமோவும் நைச்சேயும் குதிரைமேல் இருக்கிறார்கள், பக்கத்தில் ஒருவர் கைக்குழந்தையோடு நிற்கிறார். பெண் அல்ல, ஆண். பழைய குறிப்பு அவரை ஜெரோனிமோவின் மகன் என்கிறது. ஆய்வாளர்கள் பெரிக்கோ என்கிறார்கள், ஜெரோனிமோ சகோதரர் முறை வைத்து அழைத்தவர். படக் குறிப்பில் வரும் உறவுமுறையை நேரே நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்குகிற உறவு அப்பாச்சியில் வேறு விதமாகப் பிரியும், அண்ணன் தம்பியும் ஒன்றுவிட்டவர்களும் ஒரே முறையில் வருவார்கள். இது நமக்குப் புரியாத விஷயமில்லை, ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து மொழிபெயர்க்கும்போதுதான் மறந்துவிடுகிறோம்.

சரணடைந்தது எதனால்

எம்புடோஸில் க்ரூக்கிடம் சரணடைய ஒப்புக்கொண்டுவிட்டு, எல்லை தாண்டும் முன் ட்ரிபோலெட் என்ற சாராய வியாபாரி விற்றதைக் குடித்து, தங்களைக் கொன்றுவிடுவார்கள் என்ற பேச்சையும் கேட்டு, நைச்சேயும் ஜெரோனிமோவும் நாற்பதுக்கும் குறைவானவர்களோடு மறுபடி மலைக்கு ஓடினார்கள். க்ரூக் பதவி விலகினார், அவர் இடத்துக்கு ஜெனரல் மைல்ஸ் வந்தார், சுமார் 5,000 சிப்பாய்கள் தேடினார்கள். யாராலும் பிடிக்க முடியவில்லை. இந்தத் துரத்தலை நீங்கள் பத்துப் பக்கம் எழுத ஆசைப்படுவீர்கள். ஒரு பத்தி போதும்.

நிறுத்தி எழுத வேண்டியது ஆகஸ்ட் கடைசியில் லெப்டினன்ட் கேட்வுட் பேச்சு நடத்த வந்த நாளை. மார்ட்டின், கயிட்டா என்ற இரண்டு சிரிகாவாக்கள் முதலில் முகாமுக்குள் ஏறிப் போனார்கள். உள்ளே அவர்களுக்கு உறவினர்கள் இருந்தார்கள், அதனால்தான் சுடப்படாமல் தப்பினார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. எங்கள் பழைய இடத்துக்கே போகிறோம் என்பது ஜெரோனிமோவின் நிபந்தனை. அப்போது கேட்வுட் சொன்னார்: அங்கே உங்கள் ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் ஃப்ளோரிடாவுக்கு, சிவாவாவோடு முன்பே போன 77 பேரில் நைச்சேயின் தாயும் மகளும் இருக்கிறார்கள். பேச்சு திரும்பியது அங்கேதான். 1886 செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் கான்யனில் மைல்ஸிடம் சரணடைந்தார்கள். சில நாட்களில் குடும்பத்தைப் பார்க்கலாம் என்பது மைல்ஸ் கொடுத்த வாக்கு.

நடந்தது என்ன? ஆண்களை பென்சகோலாவில் ஃபோர்ட் பிக்கன்ஸில் இறக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஃப்ளோரிடாவின் இன்னொரு மூலையில், செயின்ட் அகஸ்டினின் ஃபோர்ட் மேரியன் கோட்டைக்குள், ஏற்கெனவே நெரிசலில் இருந்தவர்களோடு. பென்சகோலா ஊர்க்காரர்கள் ஜெரோனிமோவை எங்கள் ஊருக்குக் கொடுங்கள் என்று மனு போட்டிருந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று. குடும்பங்கள் சேர்ந்தது 1887 ஏப்ரலில். மார்ட்டினையும் கயிட்டாவையும்கூட விடவில்லை, ராணுவத்துக்கு வேலை செய்த அந்த இருவரும் மற்றவர்களோடு சேர்த்துப் போர்க்கைதிகள்.

1886இல் நிறுத்தாதீர்கள்

நைச்சேக்கு சரணடையும்போது முப்பது வயது, இறக்கும்போது அறுபதைத் தாண்டியவர். வாழ்க்கையின் பெரிய பாதி பின்னால்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் கட்டுரையில் குறைந்தது பாதி 1886க்குப் பிறகு வரட்டும். பக்கக் கணக்கை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை சாப்பிட்டுவிடும்.

அந்தப் பாதியில் எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. ஃபோர்ட் மேரியனிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட சிரிகாவாப் பிள்ளைகளை பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளிக்கு அனுப்பினார்கள். முடி வெட்டி, பெயர் மாற்றி, மொழி பேசத் தடைபோட்டு. காசநோய் பலரைக் கொண்டுபோனது, நோய் முற்றியவர்களைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்பியதில் முகாமிலும் பரவியது. பெற்றோர் தம் பிள்ளைகளை ஒளித்துவைத்த கதைகள் வாய்மொழியில் உண்டு. அலபாமாவில் மவுன்ட் வெர்னன் முகாமில் ஏழு ஆண்டுகள், ஈரமும் கொசுவும், வறண்ட மலையில் பிறந்தவர்களுக்கு அது நரகம். அங்கே முகாம் மருத்துவராக இருந்தவர் வால்டர் ரீட், பின்னாளில் மஞ்சள் காய்ச்சல் ஆய்வால் புகழ்பெற்றவர். 1894இல் ஓக்லஹோமா, ஃபோர்ட் சில். அங்கே குடும்பக் கூட்டம் குடும்பக் கூட்டமாகச் சின்னச் சின்ன ஊர்கள் அமைந்தன, தலைவர் பெயரில் ஊர், மாடு வளர்ப்பு, விவசாயம். நைச்சே ரிஃபார்ம்ட் சர்ச் கிறிஸ்தவரானார். பிள்ளைகள் பலரைச் சிறைக்காலத்திலேயே பறிகொடுத்தார்.

ஃபோர்ட் சில்லில் அவர் செய்த இன்னொரு காரியத்துக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்குவேன் நான். மான் தோலில் ஓவியம் வரைந்தார். போரை அல்ல, பெண் பிள்ளை பெரியவளாகும்போது நான்கு நாள் நடக்கும் சடங்கை: நடுவில் நெருப்பு, மலைத் தெய்வங்களாக வேடமிட்ட முகமூடி ஆட்டக்காரர்கள், ஆடும் பெண்கள், சுற்றிலும் மக்கள். அந்தத் தோல்களில் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, இணையத்தில் படங்களைப் பார்க்கலாம். பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் அதே சடங்கைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்பதை வாசகருக்குச் சொன்னால் போதும், அதற்குமேல் நீங்கள் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. சடங்கைப் பார்க்காதவர்கள் அதன் ரகசியங்களை விவரிக்கவும் போக வேண்டாம்.

1913இல் விடுதலை. மொத்தம் 27 ஆண்டுகள், கைதாகப் பிறந்து கல்யாணமும் ஆன தலைமுறையே உண்டு. பெரும்பான்மையினர் நியூ மெக்சிகோவில் மெஸ்கலேரோவுக்குப் போனார்கள், நைச்சேயும் அவர்களோடு. மற்றவர்கள் ஓக்லஹோமாவிலேயே நிலம் பெற்றுத் தங்கினார்கள், இன்றைய ஃபோர்ட் சில் அப்பாச்சிகள் அவர்கள் வழி. அரிசோனாவுக்குத் திரும்ப யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. மெஸ்கலேரோவில்தான் 1919இல் நைச்சே இறந்தார்.

வெளியிடும் முன் சில சில்லறை விஷயங்கள்

சிரிகாவாக்கள் கூம்புக் கூடாரத்தில் வாழவில்லை, வளைத்த கம்பும் புல்லும் வேய்ந்த விக்கியப் குடிசைகளில் வாழ்ந்தார்கள். முதுகுவரை தொங்கும் கழுகிறகு மகுடமும் அவர்களுடையது அல்ல, அது சமவெளி மக்களுடையது. காணொளிக்கு முகப்புப் படம் தேடுகிறவர்கள் இந்த இரண்டிலும்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். முக்கிய உணவு மெஸ்கால் என்ற, கற்றாழை போன்ற அகேவ் செடி, பெண்கள் குழி வெட்டி நாள்கணக்கில் சுட்டு எடுப்பது. மீனும் கரடியும் சாப்பிட மாட்டார்கள், ஆகவே ஆற்றோரம் மீன் சுட்டுத் தின்ற காட்சி வேண்டாம். "செவ்விந்தியர்" என்பதை மேற்கோளுக்குள் மட்டும் வையுங்கள், மற்ற இடங்களில் சிரிகாவா, சோகோனென் என்று கூட்டத்தின் பெயரையே எழுதினால் துல்லியமாகவும் இருக்கும். "கடைசி அப்பாச்சி", "மறைந்துபோன இனம்" போன்ற தலைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். நைச்சேயின் வழித்தோன்றல்கள் இன்றும் மெஸ்கலேரோவில் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது உங்கள் பக்கத்தை மொழிபெயர்ப்பியில் போட்டுப் படிக்கக்கூடும்.

பொது வாழ்வில் இல்லாத வாரிசுகளின் பெயர், ஊர், படம் எதையும் குடும்ப மரத்தின் கீழ்வரிசையில் போடாதீர்கள். மரத்தை நைச்சேயின் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். புகைப்படத்துக்கு எடுத்தவர் பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் கீழே எழுதுங்கள். 1886 போன்ற பழைய படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமைச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது, ஆனால் அருங்காட்சியகத்தில் இருக்கும் தோல் ஓவியங்களின் புதிய ஒளிப்படங்களுக்கு அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது நல்லது, பதில் வரச் சில வாரம் ஆகும் என்பதால் எழுத ஆரம்பிக்கும்போதே அதை அனுப்பிவிடுங்கள்.